பூஜ்யத்துக்கு அபராதம்

காட்டன்பேட்டை, மாடி அறை,
இருபதாம் தேதி இரவு.
கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போயாயிற்று.
மேலே நான், ஒரு மின்விசிறி, பதினொரு கணக்குகள்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
நேற்றே முடித்திருக்கலாமே என்பார்கள்.
நேற்றும் சுற்றியது.

பன்னிரண்டாவது கணக்கு எத்திராஜுலுவுடையது.
இனி வராது.

பித்தான் கடை.
சட்டைப் பித்தான், கோட்டுப் பித்தான்,
ஜிப்பு, கொக்கி, எலாஸ்டிக் சுருள்.
குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு;
எண்ண மாட்டார், தராசில் நிறுத்துத் தருவார்.
கொள்முதலில் ஒரு டப்பா கூடுதலாக வந்துவிட்டால்
மாமூல்பேட்டைக்கு நடந்தே போய்த்
திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

புது வரி வந்த முதல் மாதம்
தொகையை நோட்டாகக் கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தார்.
வங்கி வழியாகத்தான் கட்டணும் அண்ணா, என்றேன்.
"தெரியும்மா.
போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கிறேன்."

அப்புறம் மனைவியின் சிறுநீரகம்.
வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி.
ஏழு மாதம் கடை பூட்டு.
விற்பனை பூஜ்யம், கொள்முதல் பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தையும் மாதாமாதம் தாக்கல் செய்ய வேண்டும் என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
யாரும் என்றால், நான்தான்.
குறுஞ்செய்திகள் போயிருக்கின்றன,
இங்கிலீஷில்,
ஓசூரில் இருக்கும் மகனின் பழைய எண்ணுக்கு.

நாளுக்கு இருபது ரூபாய்.
ஏறி ஏறி மாதத்துக்கு ஐநூறில் நிற்கும்.
ஏழு ஐநூறு, மூவாயிரத்து ஐநூறு.

"வித்த பித்தானுக்குக் கட்டினேன், சரி.
விக்காத பித்தானுக்கு எதுக்கும்மா?"

இது வரி இல்லை அண்ணா, தாமதக் கட்டணம், என்றேன்.
சட்டப்படி சரியான பதில்.
அவர் பார்த்த பார்வைக்குச்
சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.

அலுவலகத்துக்கு மூன்று தடவை போனோம்.
முதல் தடவை, அதிகாரி மீட்டிங்கில்.
இரண்டாம் தடவை, "சர்வர் இல்லா, நாளெ பன்னி."
மூன்றாம் தடவை சிவலிங்கையா இருந்தார்.
நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்,
ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.
பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
"பாருங்க, இதுல
காரணம் எழுத இடமே இல்ல."

கட்டினார். ஒரு ரூபாய் குறையாமல்.
ரசீதை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
பதிவை ரத்து பண்ணிடு, என்றார்.
"நாப்பது லட்சத்துக்குக் கீழே இருந்தா வேணாமாமே?"
கீழேதான் இருக்கிறதா அண்ணா?
"கீழேயே வச்சுக்கிறேன்."

நான் எழுதிக்கொடுத்தேன்.
அவர் கையெழுத்துப் போட்டார்.
இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

போன வாரம் ரவிக்கைக் கொக்கி வாங்கப் போனேன்.
க்யூஆர் அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.
அதன் முதுகில், ஸ்கெட்ச் பேனாவில்,
கன்னடத்திலும் தமிழிலும்: ரொக்கம் மட்டும்.
பில் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
திரும்பி நடந்தவளைப் பாதித் தெரு வரை துரத்திவந்து
கையில் இரண்டு ரூபாயை வைத்தார்,
"கூடக் கொடுத்துட்டே" என்று.
மூச்சு வாங்கியது அவருக்கு.

இப்போது என் அறைக் கதவில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறேன்:
கடை பூட்டியிருந்தாலும் வந்து சொல்லுங்கள்.
யாரும் வரவில்லை இதுவரை.

பதினொன்று ஐம்பத்தாறு.
பத்துக் கணக்குகள் போய்விட்டன.
கடைசி ஒன்று வெறும் பூஜ்யம்,
அல்சூரில் கடை மூடிய ஒரு தையல்காரி.
அழுத்துகிறேன்.
சுற்றுகிறது அது,
பூஜ்யத்தைப் போலவே, வட்டமாக.